பழைய மார்ட்டின், கிப்சன், டெய்லர் கிதார் வாங்கும் முன் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: விளம்பரத்தில் ஒரு பழைய மார்ட்டின் டி-45 விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை புதுசில் கால்வாசிகூட இல்லை. விற்பவர் கொடுத்த சீரியல் நம்பரை மார்ட்டின் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் 'டி-45' என்றே வருகிறது. அப்படியானால் நம்பி வாங்கலாமா?

அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து வாங்காதீர்கள். எண் அசல் என்றால் அந்த எண்ணில் ஒரு கிதார் எப்போதோ செய்யப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் கையில் இருப்பது அந்தக் கிதார்தானா என்பதை இணையதளம் சொல்லாது. யாரோ ஒருவர் தன் அசல் கிதாரை விற்கப் படம் போடுகிறார், அதில் எண் தெளிவாகத் தெரிகிறது. போலி செய்பவருக்கு அது போதும். ஒரே எண்ணைப் பல கிதார்களில் அடித்துவிடுவார். அதனால் எண் கிடைத்ததும் முதலில் அதை அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள். அதே எண் வேறு வேறு விளம்பரங்களில், வேறு வேறு நிறத்தில் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

போலி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். போலி செய்பவர் படத்தில் தெரிவதை மட்டும்தான் நகல் எடுப்பார். லோகோ, சிப்பி வேலைப்பாடு, ஓரத்து வெள்ளைக் கோடு, எண் இவையெல்லாம் மலிவாகச் செய்யக்கூடியவை. நல்ல மரம், மேல்பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் பிரேசிங் சட்டங்கள், நெக் (கம்பிகள் ஓடும் கழுத்து) உடம்போடு சேரும் இடத்து வேலை இவைதான் செலவு பிடிப்பவை, அவை படத்தில் தெரிவதும் இல்லை. அங்கே கை வைத்தால் போலி செய்பவருக்கு லாபம் மிஞ்சாது. ஆகவே லோகோவை உற்றுப் பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம், சவுண்ட் ஹோலுக்குள், அதாவது உடம்பின் நடுவே உள்ள வட்டத் துளைக்குள் பாருங்கள். நான் கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

இது எங்கோ அரிதாக நடக்கும் ஏமாற்று அல்ல. 2024 இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகப் பகுதியில் சுங்கத்துறை பிடித்த போலி கிப்சன் கிதார்கள் மட்டும் 3,000க்கு மேல். பிடிபட்டதே அத்தனை என்றால், பிடிபடாமல் போனவை கை மாறிக் கை மாறிப் பழைய கிதார் சந்தைக்குத்தான் வந்து சேர்கின்றன. விற்பவருக்கே தன்னிடம் இருப்பது போலி என்று தெரியாமலும் இருக்கலாம். அதனால் விற்பவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிப்பதில் பயனில்லை. கிதாரைத்தான் சோதிக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது மார்ட்டின் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போலிகளில் டி-45 அதிகம் தென்படுவதற்குக் காரணம் உண்டு. உடம்பைச் சுற்றி அபலோன் சிப்பி, ஃப்ரெட் போர்டில் (நெக்கின் மேல் விரல் வைத்து அழுத்தும் பலகை) அறுகோண இன்லே (பதித்த சிப்பித் துண்டுகள்), நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கில் மேலிருந்து கீழாகச் சிப்பியில் வெட்டிப் பதித்த 'சி.எஃப். மார்ட்டின்' என்று படத்தில் கண்ணைப் பறிக்கும் மாடல் அது.

முதலில் பார்க்க வேண்டியது, மாடலின் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது. மார்ட்டினில் பெயரின் எண்தான் அலங்காரத்தைத் தீர்மானிக்கும். டி-18 என்றால் எளிமை, மஹோகனி உடம்பு. டி-28 என்றால் ரோஸ்வுட் உடம்பு, அடக்கமான ஓரக்கோடு, சிப்பிச் சுற்று கிடையாது. ஹெச்.டி-28 என்றால் ஓரத்தில் மீன்முள் வரிசை போன்ற ஹெரிங்போன் கோடு. டி-45 என்றால் எங்கும் சிப்பி. போலிகளில் இவை கலந்துவிடும். எண் டி-28 என்று இருக்கும், ஃப்ரெட் போர்டில் டி-45இன் அறுகோணம் இருக்கும். அல்லது எல்லாம் டி-45ஆக இருக்கும், ஹெட்ஸ்டாக்கில் மட்டும் சாதாரண மாடலுக்கு உரிய தங்க எழுத்து ஸ்டிக்கர் கிடைமட்டமாக இருக்கும். டி-45 என்று சொல்லிக்கொண்டு பக்கவாட்டுப் பலகையில் பெரிய ஓட்டை போட்டு, ட்யூனரோடு கூடிய, ஒலியைப் பெருக்கும் பிளாஸ்டிக் பிரீ-ஆம்ப் பெட்டி செருகியிருந்தால் என்னைப் பொறுத்தவரை மேற்கொண்டு பார்க்கவே வேண்டியதில்லை. அசல் டி-45 வைத்திருப்பவர் எவரும் அதன் ரோஸ்வுட் பலகையை அப்படி வெட்ட மனம் ஒப்பமாட்டார்.

மார்ட்டின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலின் விவரப் பட்டியலும் கிடைக்கிறது. சீரியல் நம்பர் சொல்லும் மாடலையும் வருடத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த வருடத்து அசல் கிதாரின் தெளிவான படங்களைப் பெரிய கடைகளின் பழைய விற்பனைப் பதிவுகளில் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்லே, பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டை), பிக்கார்டு (கீறல் விழாமல் ஒட்டும் தகடு), ஹெட்ஸ்டாக் வடிவம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஆனால் பாதிப் போலிகள் வீட்டை விட்டு வெளியே போகாமலேயே இதில் கழிந்துவிடும்.

அடுத்தது ட்ரஸ் ராடு, அதாவது நெக் வளையாமல் பிடித்துக்கொள்ளும் உள் கம்பி. மார்ட்டின் 1985இல்தான் முறுக்கிச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராடுக்கு மாறியது. அதை முறுக்கும் இடம் சவுண்ட் ஹோலுக்குள், நெக் உடம்போடு சேரும் பக்கத்தில் இருக்கும். ஹெட்ஸ்டாக்கில் நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தாங்கும் சிறு பட்டை) மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி திருகப்பட்டிருந்தால் அது டி-28ஓ டி-45ஓ அல்ல. ஒரே படத்தில் கண்டுபிடிக்கக்கூடிய மிக எளிய சோதனை இது. விற்பவர் 1970களின் கிதார் என்கிறார், உள்ளே முறுக்கும் ட்ரஸ் ராடு இருக்கிறது என்றால் வருடக் கதை பொய்.

இப்போது கிதாரைத் திருப்பி ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் பாருங்கள். டி-28, டி-45 மாடல்களில் நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில் ஈட்டி முனை போல ஒரு கூர்மையான மேடு செதுக்கப்பட்டிருக்கும். வால்யூட் என்பார்கள். அசலில் அதன் நடு விளிம்பு கத்தி மாதிரி நேராக ஓடிக் கூர் முனையில் முடியும், இரண்டு பக்கச் சரிவும் சமமாக இருக்கும். விரலால் தடவினாலே அந்த விளிம்பு தெரியும். போலியில் அது இருக்காது, அல்லது சோப்பு கரைந்த மாதிரி மொழுக்கென்று இருக்கும். டி-18இல் இது கிடையாது, அதனால் அங்கே இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

பிறகு சவுண்ட் ஹோல். செல்போன் டார்ச்சை உள்ளே காட்டினால், நெக் சேரும் பக்கம் ஒரு மரக்கட்டை தெரியும். அதுதான் நெக் பிளாக். மார்ட்டினில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் அந்தக் கட்டையிலேயே இருக்கும். மார்ட்டின் சீரியல் நம்பர் போட ஆரம்பித்தது 1898இல், மாடல் பெயரையும் சேர்த்துக் குத்த ஆரம்பித்தது 1930இல். முதுகுப் பலகையின் உள் நடுப்பட்டையில் நிறுவனத்தின் சூட்டு முத்திரையும் இருக்கும். போலிகளில் பெரும்பாலும் 'மார்ட்டின் அண்ட் கோ' என்று ஒரு காகித லேபிளை முதுகுப் பலகையில் ஒட்டி, அதிலேயே மாடலும் எண்ணும் அச்சடித்திருப்பார்கள். அசலிலும் சில சிறப்புப் பதிப்புகளுக்குக் காகித லேபிள் உண்டு. ஆனால் அவற்றிலும் நெக் பிளாக்கில் எண் இருக்கும். கட்டை வெறுமையாக இருந்து லேபிளில் மட்டும் எண் என்றால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

மார்ட்டின் எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். 10,00,000 என்ற எண்ணைத் தொட்டது 2004இல். "1990இல் அப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது" என்று சொல்லும் கிதாரில் 12 லட்சத்துச் சொச்சம் எண் இருந்தால் கதையும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு கதை, 'பிரேசில் ரோஸ்வுட்'. மார்ட்டின் தன் வழக்கமான மாடல்களில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் ஈட்டி மரத்துக்கு மாறியது 1969இல். 1992 முதல் பிரேசில் ரோஸ்வுட் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த மரத்தில் மிகச் சில விலை உயர்ந்த சிறப்புக் கிதார்கள் வந்தன, ஆனால் அவை தகுந்த ஆவணங்களோடு விற்பவை. எண்பதுகளின் சாதாரண டி-28ஐ பிரேசில் ரோஸ்வுட் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இனி மரத்துக்கு வருவோம். பிராண்டு எதுவானாலும் இந்தச் சோதனை பொருந்தும், எனக்கு இதன் மேல்தான் அதிக நம்பிக்கை. மார்ட்டினின் டி-28, டி-45, கிப்சனின் ஜே-45, ஹம்மிங்பேர்ட் எல்லாமே முழு மரத்தில் செய்தவை. போலிகளில் மேல்பலகை பெரும்பாலும் பிளைவுட், பக்கங்களும் முதுகும் சொல்லவே வேண்டாம். இதை எப்படிப் பார்ப்பது? சவுண்ட் ஹோலின் விளிம்பில் பலகையின் வெட்டுமுகம் தெரியும். மேல்பரப்பில் ஓடி வரும் ஸ்ப்ரூஸ் மரத்தின் மெல்லிய கோடுகள் அந்த விளிம்பில் மடங்கிப் பலகையின் கனத்துக்குள்ளும் அப்படியே தொடர்ந்தால் அது முழு மரம். ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் தொட்டு மேலிருந்து உள்ளே வரை பின்தொடர முடியும். மேலே ஸ்ப்ரூஸ் கோடு, விளிம்பில் இரண்டு மூன்று அடுக்குகள், நடு அடுக்கின் நிறமே வேறு என்று இருந்தால் பிளைவுட். விளிம்பில் கறுப்புச் சாயம் பூசி மறைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

முதுகுப் பலகைக்கு வேறு வழி. வெளியே ரோஸ்வுட்டில் ஏதாவது ஒரு தனித்துவமான ரேகை, கறுப்புத் தீற்றல் அல்லது வளைவு இருக்கும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்து உள்ளே சரியாக அதே இடத்தைப் பாருங்கள். முழு மரம் என்றால் அதே ரேகை, கொஞ்சம் மாறி, உள்ளேயும் இருக்கும். வெளியே அடர்ந்த ரோஸ்வுட், உள்ளே வெளிறிய வேறு மரம் என்றால் மேலே ஒட்டியிருப்பது மெல்லிய தோல் மட்டுமே. ஆனால் ஒன்று: பிளைவுட் என்பதால் மட்டும் ஒரு கிதார் போலி ஆகிவிடாது. மார்ட்டினே தன் எக்ஸ் வரிசையில் ஹெச்.பி.எல். என்கிற அழுத்தப்பட்ட செயற்கைப் பலகையைப் பயன்படுத்துகிறது, டெய்லர் தன் 100, 200 வரிசைகளில் அடுக்குப் பலகை முதுகு வைக்கிறது. முழு மரமாக இருக்க வேண்டிய மாடல் பிளைவுட்டாக இருந்தால்தான் தவறு.

ஃப்ரெட் போர்டையும் பாருங்கள். டி-28இலும் டி-45இலும் அது கருங்காலி. இழை மிக நெருக்கமாக, துளைகள் கண்ணுக்கு அவ்வளவாகப் படாமல், தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கும். போலியில் ஏதோ ஒரு வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். சவுண்ட் ஹோல் பக்கம் ஃப்ரெட் போர்டு முடியும் வெட்டுமுகத்தில் சாயம் சரியாக ஏறியிருக்காது, பழுப்பாகத் தெரியும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, லேசாக ஈரமாக்கிய வெள்ளைத் துணியால் கடைசி ஃப்ரெட்டுகளுக்கு நடுவே ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் பளிச்சென்று கறுப்பு இறங்கினால் அது சாயம். இதைத் தனியாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல வேண்டாம். அசல் கிதாரையும் பழுதுபார்ப்பவர்கள் சில நேரம் கறுப்பாக்குவதுண்டு. மற்ற சந்தேகங்களோடு சேர்த்து எடை போடுங்கள்.

சிப்பி வேலைக்கு ஒரு வார்த்தை. அசல் அபலோனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் பச்சையும் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு விதமாக மாறும். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பதித்த இணைப்புகள் கிட்டத்தில் தெரியும். அச்சடித்த பிளாஸ்டிக்கில் ஒரே டிசைன் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். இன்லேயைச் சுற்றிக் கறுப்புப் பசை நிறைய நிரப்பியிருந்தால், குழியை அளவாகத் தோண்டத் தெரியாமல் பெரிதாகத் தோண்டி நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மார்ட்டினின் கைவேலையில் அது இருக்காது.

ஒரு அளவு டேப் எடுத்துப் போவது நல்லது. நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கிதாரின் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம். டி-28, டி-45இல் அது 25.4 அங்குலம், அதாவது 12ஆவது ஃப்ரெட் வரை 12.7 அங்குலம், சுமார் 323 மி.மீ. கிப்சன் ஜே-45இல் 24.75 அங்குலம் என்று சொல்வார்கள், பாதி 12.4 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மலிவுத் தொழிற்சாலைகள் எல்லா மாடலுக்கும் ஒரே 650 மி.மீ. நெக்கையே போட்டுவிடும். அப்போது பாதி 325 மி.மீ. வரும். ஜே-45 என்று சொல்லும் கிதாரில் 325 வந்தால் வித்தியாசம் பத்து மி.மீ.க்கு மேல், அளவெடுப்பதில் அவ்வளவு தவறு வராது. மார்ட்டினில் வித்தியாசம் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் என்பதால் கவனமாக அளக்க வேண்டும்.

கிப்சனுக்கு வந்தால், அங்கே விஷயம் தலைகீழ். ட்ரஸ் ராடு முறுக்கும் இடம் ஹெட்ஸ்டாக்கில், மணி வடிவ மூடிக்குக் கீழே இருக்கும். அசல் மூடியில் இரண்டு திருகுகள். மூன்று திருகுகள் இருந்தால் போலி என்று தைரியமாகச் சந்தேகிக்கலாம். மூடியைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், உள்ளே ராடை முறுக்கும் பித்தளைத் திருகு நட்டு இருக்கிறதா, ஆலன் சாவி போடும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கிப்சனில் நட்டுதான். கிப்சனின் ஹெட்ஸ்டாக் உச்சி திறந்து வைத்த புத்தகம் போல நடுவில் சின்னப் பள்ளத்தோடு இருக்கும். போலிகளில் அந்த வளைவு தட்டையாகவோ மிகையாகவோ போய்விடும்.

கிப்சன் எண் ஹெட்ஸ்டாக்கின் பின்னால் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். 1977 முதல் நீண்ட காலம் பயன்பட்ட எட்டு இலக்க முறையில் முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம், நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. உதாரணமாக 01458032 என்று இருந்தால் 2008ஆம் ஆண்டின் 145ஆவது நாள், அதாவது மே 24. அந்த மூன்று இலக்கம் 366ஐத் தாண்ட முடியாது. மனதுக்குத் தோன்றிய எண்ணைப் போட்ட போலிகளில் 500, 700 என்றெல்லாம் வரும். 2008 என்று எண் சொல்கிறது, உள்ளே லேபிளில் ஊர் என்ன? கிப்சன் அகூஸ்டிக் கிதார்கள் 1989 முதல் மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன, லேபிளும் அதையே சொல்ல வேண்டும். 1977க்கு முந்தைய கிப்சன் எண்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அறுபதுகளிலும் எழுபதுகளின் ஆரம்பத்திலும் ஒரே எண்ணை நிறுவனமே பல கிதார்களுக்குப் போட்டிருக்கிறது. அந்தக் காலத்துக் கிப்சன் வாங்குவதென்றால் விவரம் தெரிந்த ஒருவர் நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது.

நெக்கின் பின்னால், முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுகளுக்கு நேராகவோ ஹெட்ஸ்டாக்கின் கீழேயோ குறுக்காக ஒரு இணைப்புக் கோடு தெரிந்தால், ஹெட்ஸ்டாக்கைத் தனியாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். மரத்தை மிச்சப்படுத்தும் முறை அது. போஸ்மன் கிப்சனிலும் டி-28, டி-45 போன்ற மார்ட்டினிலும் அந்தக் குறுக்குக் கோடு இருக்கக் கூடாது. ஹெட்ஸ்டாக்கின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஒட்டிய சிறு துண்டுகளின் கோடு இருந்தால் கிப்சனில் அது இயல்பு. டெய்லரோ ஹெட்ஸ்டாக்கைத் தனியாகச் செய்து ஒட்டும் முறையையே கையாள்கிறது, அதனால் டெய்லரில் கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பிராண்டுக்குப் போலி அடையாளமாக இருப்பது இன்னொன்றுக்கு அசல் அடையாளமாக இருக்கும். பொதுவாகச் சொல்லப்படும் 'போலியைக் கண்டுபிடிக்கப் பத்து வழிகள்' ரகப் பட்டியல்கள் பலரைக் குழப்புவது இதனால்தான்.

டெய்லரில் எண் நிறையப் பேசும். 2009 கடைசியிலிருந்து பத்து இலக்க முறை. முதல் இலக்கம் தொழிற்சாலை: 1 என்றால் கலிஃபோர்னியாவின் எல் கஹோன், 2 என்றால் மெக்சிகோவின் டெகாடே. இரண்டாவதும் ஏழாவதும் சேர்ந்தால் வருடம், மூன்றும் நான்கும் மாதம், ஐந்தும் ஆறும் தேதி. 1106125043 என்றால் எல் கஹோனில் 2015 ஜூன் 12. மாதம் 12ஐத் தாண்டினாலோ, டெகாடேயில் மட்டும் செய்யப்படும் 100 வரிசைக் கிதாரில் முதல் இலக்கம் 1 ஆக இருந்தாலோ அந்த எண் கற்பனை. இன்னொரு நல்ல அடையாளம் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் ஒலியாக மாற்றும் கருவி. 2014இல் டெய்லர் கொண்டுவந்த இ.எஸ்.2 முறையில், பிரிட்ஜில் கம்பிகள் தாங்கும் சேடிலுக்குப் பின்னால் மூன்று சின்னத் திருகுகள் வரிசையாகத் தெரியும். கட்டுப்பாட்டுக் குமிழ்கள் மூன்றும் பக்கப் பலகையின் மேல்பகுதியில் சிறியதாக, தனித்தனியாக இருக்கும். போலி டெய்லர்களில் அதே குமிழ்களை வைத்துவிட்டு, பிரிட்ஜில் அந்தத் திருகுகளை விட்டுவிடுவார்கள். 814, 914 என்று லேபிள் சொல்ல, பக்கத்தில் திரையோடு கூடிய பெட்டி இருந்தால் வாங்க வேண்டாம்.

யமஹாவுக்கும் போலி உண்டு, குறைந்த விலை மாடல்களுக்கே உண்டு. அங்கே லாபம் சின்னது என்பதால் வேலைப்பாட்டில் கவனம் இன்னும் குறைவு: லேபிள் அச்சு மங்கலாக இருக்கும், மூன்று ட்யூனிங் ஃபோர்க் சின்னம் கோணலாக இருக்கும். கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை.

போலி அல்லாததைப் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. சிக்மா என்பது மார்ட்டினே 1970இல் தொடங்கிய மலிவு விலைப் பிராண்டு. பார்வைக்கு மார்ட்டின் மாதிரியே இருக்கும், பழைய சிக்மாக்களில் நல்ல கிதார்கள் நிறைய உண்டு. எழுபதுகளில் ஜப்பானில் செய்த சில பிராண்டுகள் மார்ட்டின், கிப்சன் வடிவங்களை அப்பட்டமாகப் பின்பற்றின, ஆனால் தங்கள் பெயரையே போட்டன. அவையும் போலி அல்ல. அந்தக் கிதார்களின் பெயரைச் சுரண்டிவிட்டு மார்ட்டின் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் மோசடி. ஹெட்ஸ்டாக்கின் முகப்பில் மட்டும் பாலிஷ் புதிதாக, பளபளப்பு வேறாக இருந்தால் அதைக் கேளுங்கள். ட்யூனிங் கீ மாற்றியது, பிரிட்ஜ் மாற்றியது, ஃப்ரெட் மாற்றியது எல்லாம் பழைய கிதாருக்கு இயல்பு. கீயில் 'குரோவர்' என்ற தயாரிப்பாளர் பெயர் இருப்பதால் அசலும் ஆகாது, இல்லாததால் போலியும் ஆகாது. லோகோ போட்ட பெட்டியும் அப்படித்தான், தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது.

சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கம்பி செத்துப்போன அசல் டி-28 மந்தமாகத்தான் ஒலிக்கும், புதுக் கம்பி போட்ட போலி பளீரென்று ஒலிக்கும். ஆசையோடு வாசித்துப் பார்க்கும்போது காது நமக்குச் சாதகமாகவே கேட்கும். அதனால் பார்த்து முடித்த பிறகு வாசியுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் நடைமுறையில் என்ன செய்வது? கிளம்பும் முன் விற்பவரிடம் சில படங்களைக் கேளுங்கள்: சவுண்ட் ஹோல் வழியாக நெக் பிளாக், ஹெட்ஸ்டாக் முன்னும் பின்னும், சவுண்ட் ஹோல் விளிம்பு மிகக் கிட்டத்தில், பிரிட்ஜ், முதுகுப் பலகை முழுதாக. ஒரு படத்திலாவது அன்றைய தேதி எழுதிய காகிதம் கிதாரின் மேல் இருக்கட்டும். கிதார் உண்மையில் அவர் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. தயங்கினால், "எல்லாம் சரியாக இருக்கிறது, முன்பணம் மட்டும் போடுங்கள், வேறு ஆள் கேட்கிறார்" என்று அவசரப்படுத்தினால், அதோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் படங்களை மார்ட்டின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிக் கேட்கலாம். எண்ணும் படமும் பொருந்தவில்லை என்றால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நேரில் போகும்போது பகல் வெளிச்சத்தில் சந்தியுங்கள். டார்ச், சவுண்ட் ஹோலுக்குள் நுழையும் அளவு சின்னக் கண்ணாடி, டேப் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை உள்ளே விட்டு மேல்பலகையின் அடிப்பக்கம் பாருங்கள். சவுண்ட் ஹோலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இரண்டு சட்டங்கள் எக்ஸ் வடிவில் குறுக்கிட வேண்டும். முனைகள் சுத்தமாக இழைத்து, பசை வழியாமல் இருக்க வேண்டும். சொரசொரப்பான குச்சிகள், வழிந்து காய்ந்த பசை, குறுக்கே ஏணிப்படி மாதிரி நேர்ச் சட்டங்கள் மட்டும் என்றால் வெளியே எத்தனை சிப்பி இருந்தாலும் அது டி-45 அல்ல. கண்ணாடி பிடிக்க வராவிட்டால் செல்போனை வீடியோவில் வைத்து, கம்பிகளைத் தளர்த்திய பிறகு சவுண்ட் ஹோலுக்குள் மெதுவாக நுழைத்து எடுக்கலாம். அதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். இயன்றால் கிதார் ரிப்பேர் செய்பவரின் பட்டறையிலேயே சந்திக்கலாம் என்று விற்பவரிடம் கேளுங்கள். தினமும் கிதார்களைத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், அவருக்குக் கொடுக்கும் கூலி மிகச் சின்னத் தொகை.

உங்கள் டி-45 விஷயத்தில் விலையே பெரிய எச்சரிக்கை. அசல் டி-45 அடிபட்டு விரிசல் விட்டிருந்தாலும் அந்த விலைக்கு வராது, வாங்கி ரிப்பேர் செய்து விற்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். முதலில் நெக் பிளாக் படமும், ஹெட்ஸ்டாக்கில் நட்டுக்கு மேலே மூடி இருக்கிறதா என்று தெரியும் படமும் வாங்கிப் பாருங்கள். அந்த இரண்டில் ஒன்று தவறினாலும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டும் சரியாக இருந்தால், மேலே சொன்ன மர சோதனைகளை நேரில் செய்து முடிக்கும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.